கல்குட்டையின் படிகள்

மாங்காட்டுக்கும் குன்றத்தூருக்கும் இடையில் இருக்கிறது சிக்கராயபுரம். சாலையில் போகிறவர்கள் கண்ணில் படுவது வேலிக்காத்தான் புதரும், மனை விற்பனைப் பலகைகளும், டீக்கடைகளும்தான். புதரை ஒதுக்கிக்கொண்டு கூப்பிடு தூரம் உள்ளே நடந்தால் தரை சட்டென்று முடிந்துபோகிறது. பல ஆள் ஆழத்துக்குக் கீழே கரும்பச்சைத் தண்ணீர். எதிரே வெட்டி நிறுத்திய பாறைச் சுவர். அந்தச் சுவரில், குழாயை நெடுக்கில் பிளந்து பதித்ததுபோல, மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகக் கோடுகள். வெடி வைக்கத் துளை போட்ட தடங்கள் அவை.

இந்த வட்டாரத்தில் இதற்குக் கல்குட்டை என்று பெயர். அடுத்தடுத்து இருபதுக்கும் மேல் இருக்கின்றன. ஒரு காலத்தில் இவை எல்லாம் கல்குவாரிகள். சென்னையின் வீட்டுத் தளங்களுக்கும் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் ஜல்லி போன இடங்கள். தொழில் நின்று நெடுங்காலம் ஆகிவிட்டது. மழையும் ஊற்றும் சேர்ந்து பள்ளங்களை நிரப்பிவிட்டன.

என்னை இங்கே அழைத்து வந்தவர் இந்தப் பக்கத்து கிரஷர் ஒன்றில் மெஷின் பார்த்த பெரியவர். எழுபதைத் தாண்டியவர். நான் விளிம்புக்குப் போனதும் கையைப் பிடித்து இழுத்தார்.

"அங்க நிக்காத தம்பி. மேல பாக்க கெட்டியா இருக்கும். உள்ள வெடிச்ச பாறை. எப்ப விடும்னு சொல்ல முடியாது."

தண்ணீருக்கு மேலே, ஒரு பக்கத்தில் மட்டும், பாறை படிகளாக இறங்கியது. இரண்டு படி தெரிந்தது. மூன்றாவது தண்ணீருக்குள் மங்கலாகக் கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

கல்லுக்கு ஒரு பேர் வந்த கதை

பல்லாவரம், திரிசூலம், பம்மல், குன்றத்தூர் வட்டாரத்துப் பாறை சாதாரணப் பாறையல்ல. சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்கு அடியில் மிக ஆழத்தில், கடும் வெப்பத்தில் இறுகியது. உடைத்த முகத்தில் நீலம் கலந்த கறுப்பு மின்னும். இதற்குப் புவியியலில் சார்னோக்கைட் என்று பெயர். அந்தப் பெயர் வந்த வழி விசித்திரமானது. கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல்லை 1893இல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் ஆராய்ந்தார். அது சென்னைப் பக்கத்து மலைக் கல் என்று கண்டு, கல்லறைக்குரியவர் பெயரையே கல்லின் வகைக்கும் சூட்டினார். பல்லாவரத்துப் பாறை ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி ஆளின் பெயரால் உலகமெங்கும் பாடநூல்களில் இடம்பெற்றது அப்படித்தான். புனித தோமையார் மலையின் சார்னோக்கைட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் சின்னங்களில் ஒன்றாக அறிவித்திருக்கிறது.

கல்லில் கை வைத்த வரலாறு இங்கே அதற்கும் மிக முந்தியது. பல்லாவரத்துக் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் குடைவரை ஒன்று உண்டு. இன்று அது தர்காவாக இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் உளியும் சுத்தியலும் மட்டுமே கொண்டு இந்தப் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். இன்னும் பின்னால் போனால், 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியத் தொல்பழங்கால ஆய்வையே தொடங்கிவைத்த கற்கோடரியைக் கண்டெடுத்ததும் பல்லாவரத்தில்தான். படைமுகாமுக்கு அருகே, சரளைக்காக யாரோ தோண்டிய ஒரு சிறு குழியில் அது கிடைத்தது. கல்லுக்காகத் தோண்டிய குழியே நம்முடைய ஆதி மனிதனின் கல்லைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

கையால் உடைத்த காலம்

பெரியவரின் அப்பா வேலைக்கு வந்த காலத்தில் குவாரிக்கு மெஷின் கிடையாது. பாறையில் குழி போடுவதே ஒரு நாள் வேலை. ஒருவர் உளிக்கம்பியைப் பிடித்து, ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுப்பார். இன்னொருவர் சம்மட்டியால் அடிப்பார். சம்மட்டி வழுக்கினால் போவது கம்பி பிடித்தவர் கை. பிடித்தவர் பெரும்பாலும் அடித்தவருடைய மனைவியாகவோ மகனாகவோ இருப்பார். குழி போதுமான ஆழம் ஆனதும் கரிமருந்தை இட்டு, திரி வைத்து, மேலே களிமண்ணால் கெட்டிப்பார்கள். சிவப்புத் துணியை ஆட்டிக்கொண்டு ஒருவர் சாலைக்கு ஓடுவார். "வெடீ… வெடீ" என்று குரல் கேட்டால் மாடு மேய்ப்பவர்கள்கூடப் படுத்துவிடுவார்களாம்.

வெடித்து விழுந்த பாறையை ஆப்பு வைத்துப் பிளப்பது ஆண்கள் வேலை. அதை ஜல்லியாக்குவது பெண்கள் வேலை. நிழலுக்கு நான்கு குச்சி நட்டு ஓலையோ கோணியோ போட்டிருக்கும். பழைய டயரில் அறுத்த வளையத்துக்குள் கல்லை வைத்து, சின்னச் சுத்தியலால் தட்டுவார்கள். வளையம் இல்லாவிட்டால் கல் தெறிக்கும். பக்கத்தில் தூளியில் குழந்தை தூங்கும். மாலையில் குவியலை அளந்து கூலி. அளவு குறைந்தால் கூலி குறையும். அளப்பவர் சொன்னதுதான் அளவு.

இந்தத் தொழிலில் பணம் முதலில் வரும், வேலை பிறகு வரும். முன்பணம் வாங்கித்தான் குடும்பங்கள் ஊரைவிட்டு வந்தன. வாங்கிய பணம் கழியாமல் வருஷக்கணக்கில் குவாரிக் குடிசையிலேயே கட்டுண்டு கிடந்தவர்கள் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இருந்தார்கள். 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் கல்குவாரிகளிலிருந்து குடும்பங்களை மீட்ட செய்திகள் வந்துகொண்டே இருந்தன. கட்டடம் எழும்பிய கதையைச் சொல்லும்போது இதைத் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

இரும்புத் தாடை

குட்டையிலிருந்து சற்றுத் தள்ளி, புதருக்கு நடுவே, கருங்கல்லால் கட்டிய ஒரு சாய்வு மேடை நிற்கிறது. ஒரு பக்கம் மண் சரிவு, மறுபக்கம் செங்குத்துச் சுவர். முதலில் கோட்டைச் சுவரோ என்று நினைத்தேன்.

"லாரி பின்னாலேயே வந்து மேல ஏறும். இங்கதான் கல்லைக் கொட்டும். கீழ மெஷின் வாயைத் தொறந்துகிட்டு நிக்கும்" என்றார் பெரியவர்.

மெஷின் இப்போது இல்லை. அது நின்ற கான்கிரீட் பீடம் இருக்கிறது. கட்டைவிரல் பருமனுக்கு நான்கு போல்ட்டுகள் துருப்பிடித்து மேல்நோக்கி நிற்கின்றன. ஆலங்கன்று ஒன்று அதில் வேர் பிடித்திருக்கிறது. கழற்ற முடிந்ததை எல்லாம் பழைய இரும்புக்கு எடுத்துப் போய்விட்டார்கள். தூக்க முடியாதது மட்டும் மிஞ்சியிருக்கிறது. மண்ணில் பாதி புதைந்த பெரிய ஃப்ளைவீல், ஓட்டைகள் நிறைந்த சல்லடை உருளையின் ஒரு துண்டு, பிறகு புல்லுக்குள் கிடந்த அலையலையான கனத்த இரும்புத் தகடு. அந்தத் தகட்டைப் பார்த்ததும் அவர் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"ஜா பிளேட்டு."

ஜா கிரஷர் என்பது தாடை எந்திரம். நிலையாக நிற்கும் ஒரு தாடை, முன்னும் பின்னும் அசையும் இன்னொரு தாடை. இரண்டுக்கும் நடுவே மேலே அகலம், கீழே குறுகல். மேலே போட்ட கல் ஒவ்வொரு கடிக்கும் உடைந்து இறங்கி, அடிவாயின் அளவுக்கு வந்ததும் விழும். அச்சில் இருக்கும் கோணல்தான் தாடையை அசைக்கிறது. கடிக்கும் கணத்தில் தேவைப்படும் பெரும் விசையைச் சுழலும் ஃப்ளைவீல் தேக்கிவைத்துத் தருகிறது. 1858இல் அமெரிக்காவில் ஈலை விட்னி பிளேக் என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய ஊரில் ஜல்லிச் சாலை போட வேண்டியிருந்தது, கல்லைக் கையால் உடைத்து மாளவில்லை. அந்த நெருக்கடியிலிருந்து பிறந்த எந்திரம் இது. உலகத்தின் பல இடங்களில் ஜல்லி உடைக்க இன்றும் அடிப்படை அதுவே.

பெரியவர் தகட்டின் மேடுகளை விரலால் தடவினார். ஒரு முனையில் மேடுகள் கூராக இருந்தன. மறுமுனை நீர்மோரில் கிடந்த தயிர்க்கட்டிபோல மழுங்கிக் கிடந்தது.

"கீழ்ப்பக்கம்தான் சீக்கிரம் தேயும். தேஞ்சதும் தலைகீழா மாத்திப் போடுவோம். ரெண்டு பக்கமும் தேஞ்சாத்தான் புதுசு. இது ஒரு பக்கம்தான் தேஞ்சிருக்கு. மாத்தறதுக்குள்ள தொழிலே நின்னுபோச்சு போல."

இந்தத் தகடுகள் மாங்கனீஸ் எஃகால் ஆனவை. 1882இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹேட்ஃபீல்டு கண்டுபிடித்த உலோகம். அடிபட அடிபட இன்னும் இறுகுவது அதன் குணம். எந்திரத்தில் இன்னொரு பாகத்தைப் பற்றியும் சொன்னார். அசையும் தாடைக்குப் பின்னால் டாகிள் பிளேட் என்று ஒன்று உண்டு. கல்லோடு இரும்புத் துண்டு ஏதாவது உள்ளே போய்விட்டால், தாடை உடையாமல் இந்தத் தகடு முதலில் முறிந்துவிடும். மெஷினைக் காப்பாற்றுவதற்காகவே முறியும்படி செய்து வைத்த பாகம்.

எந்திரத்துக்கு அப்படி ஒரு காவல் இருந்தது. அதைச் சுற்றி நின்றவர்களுக்கு இல்லை. மூக்கில் கட்டிய துண்டுதான் அவர்களுடைய பாதுகாப்பு. கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் பொடிந்து காற்றில் மிதக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும். தங்கிய இடம் வடுவாக இறுகும். சிலிகோசிஸ் என்ற அந்த நோயைக் குணப்படுத்த இன்றும் மருந்தில்லை. தண்ணீர் தெளித்துக்கொண்டே துளை போட்டால் தூசி பெருமளவு அடங்கும். சில குடம் தண்ணீரில் ஆகியிருக்க வேண்டிய காரியம் அது. அன்றைக்கு யாரும் தெளிக்கவில்லை என்றார் பெரியவர். அவரோடு வேலை பார்த்தவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டவில்லை. காசநோய் என்றே எல்லோரும் நினைத்தார்களாம்.

ஆனாலும் மெஷினைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. ஒன்றரை இஞ்ச், முக்கால் இஞ்ச், கால் இஞ்ச் சிப்ஸ் என்று சல்லடை பிரித்துக்கொண்டே போகும். சத்தத்தைக் கேட்டே எந்தக் கல் சிக்கியிருக்கிறது என்று சொல்வார். அந்த ஜல்லியில் தளம் போட்ட வீடுகள் எந்தெந்தத் தெருவில் என்று இன்றும் நினைவு வைத்திருக்கிறார். நூறு கன அடி ஒரு யூனிட். எத்தனை ஆயிரம் யூனிட் அந்தத் தாடை வழியாக இறங்கியிருக்கும்!

நின்ற பிறகு

நகரம் வளர்ந்து குவாரிகளை நெருங்கியது. வெடிச் சத்தத்தில் சுவர் விரிசல் விட்டது என்று வீடுகள் புகார் சொல்லத் தொடங்கின. பள்ளமும் ஆழமாகிவிட்டது. ஒவ்வொன்றாகத் தொழில் நின்றது. குத்தகை முடிந்தது, மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது, தொழிலாளர்கள் வேறு ஊர் போனார்கள். பள்ளத்தை என்ன செய்வது என்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இல்லாமல் போனது.

குளம் என்றால் கரை சரிந்து இறங்கும். ஏரியில் முதலில் முழங்கால், பிறகு இடுப்பு, பிறகுதான் ஆழம். கல்குட்டையில் முதல் அடியே நூறு அடி ஆழத்தில் முடியலாம். பாசி படிந்த பாறையில் பிடி கிடைக்காது. மேலே வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கீழே போனதும் உறையவைக்கும். நீந்தத் தெரிந்தவனே தசை பிடித்து மூழ்கிப்போவான். பல்லாவரம், திரிசூலம், சிக்கராயபுரம் என்று சென்னையைச் சுற்றிய குட்டைகளில் கோடை விடுமுறைதோறும் பிள்ளைகள் இறந்த செய்தியை நாம் படித்துக்கொண்டே இருக்கிறோம். ஒரு வேலி, ஓர் எச்சரிக்கைப் பலகை, கயிறு கட்டிய ஒரு மிதவை. இவை இருந்திருந்தால் அந்தச் செய்திகளில் எத்தனை இல்லாமல் போயிருக்கும் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

பள்ளத்தில் குடித்த நகரம்

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் தரை தட்டின. அப்போதுதான் குடிநீர் வாரியத்தின் பார்வை சிக்கராயபுரத்துக் குட்டைகள்மேல் விழுந்தது. நீரைச் சோதித்தார்கள். சுத்திகரித்தால் குடிக்கலாம் என்று தெரிந்தது. மிதவைகளில் மோட்டாரைக் கட்டி, செம்பரம்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் குழாய் போட்டார்கள். நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி லிட்டர் வரை நகரத்துக்குப் போனது. 2019இல் மறுபடி வறட்சி. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த அந்த ஜூலை மாதத்திலும் கல்குட்டை நீர் நகரத்துக்குக் கைகொடுத்தது.

இந்தப் பாறையை உடைத்துத்தான் நகரம் தளம் போட்டது. அது உடைந்த இடத்தில் சேர்ந்த மழையைத்தான் தாகத்துக்குக் குடித்தது. நம் ஊரில் மாடிகள் எவ்வளவு ஏறியிருக்கின்றனவோ அதற்கு ஈடாக எங்கோ ஒரு நிலம் இறங்கியிருக்கிறது. ஏறியதற்கு முகவரியும் வரியும் உண்டு. இறங்கியதற்கு ஒரு பதிவேடுகூட இல்லை. வறட்சி வந்தபோது தேடி வந்த நாம், மழை வந்ததும் மறந்துபோனோம். அதே குட்டையின் ஓரத்தில் இன்று குப்பை எரிகிறது.

மறக்காமல் காத்துவந்தால் என்ன ஆகும் என்பதற்கும் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. மேடவாக்கத்தை ஒட்டிய நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள் பழைய குவாரிப் பள்ளம் ஒன்று உண்டு. அதன் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை குடியிருக்கிறது. ஆள் ஏற முடியாத செங்குத்துச் சுவர் ஆந்தைக்கு நல்ல வீடாகிவிட்டது. பறவை பார்ப்பவர்கள் தொலைநோக்கியோடு அங்கே தேடிப் போகிறார்கள். காவல் இருந்தால் பள்ளமும் பிழைக்கும்.

இன்று ஜல்லி செங்கல்பட்டு, காஞ்சிபுரம், விழுப்புரம் மாவட்டங்களின் உட்பகுதிகளிலிருந்து வருகிறது. ஆற்று மணல் அரிதானதும் எம்-சாண்ட் என்ற செயற்கை மணல் வந்தது. அதற்கும் பாறைதான் வேண்டும். கம்பி பிடிக்கும் கை இல்லை, துளை போட எந்திரம் இருக்கிறது. வளையத்துக்குள் கல்லை வைத்துத் தட்டிய பெண்கள் இல்லை. சிறிய குவாரியானாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாற்றம் உண்மைதான். ஆனால் 2022 மே மாதம் திருநெல்வேலி அருகே அடைமிதிப்பான்குளத்தில் இரவு வேலையின்போது பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினார்கள், நான்கு பேர் உயிரிழந்தார்கள். கருவி மாறிவிட்டது. பாறைக்குக் கீழே நிற்பவரின் நிலை இன்னும் முழுதாக மாறவில்லை. இன்று ஜல்லிக்காக வெட்டும் பள்ளங்கள் நாளை இன்னொரு சிக்கராயபுரமாகும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு எண், ஒரு வேலி, வரத்துக் கால்வாய் ஒன்று, குப்பைக்குத் தடை. வெட்டி முடிக்கும்போதே இவற்றையும் முடித்துத்தர வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது. துருவேறிய அந்தத் தாடைத் தகட்டையாவது எடுத்து ஓரிடத்தில் வைத்து, கீழே நான்கு வரி எழுதலாம். சென்னையில் நிமிர்ந்து நிற்கும் எந்தக் கட்டடத்துக்கும் அது மூதாதை.

கிளம்பும்போது பெரியவர் மறுபடி குட்டையின் படிகளைப் பார்த்தார். பாறையைப் படி விட்டுத்தான் வெட்டி இறங்க வேண்டும் என்பது விதி. இங்கே ஒரு பக்கம் மட்டுமே அப்படி வெட்டியிருந்தது. அந்தப் பக்கம்தான் அவர் வேலைக்கு இறங்கிப்போன பக்கம்.

"மொதப்படி வெட்டும்போது நான் சின்னப் பையன், டீ வாங்கியாற ஆளு. ரெண்டாவதுல மெஷின்ல சேந்தேன். மூணாவதுல கல்யாணம். நாலாவது படியில எங்கப்பா போனாரு, இருமி இருமி."

நாலாவது படி தண்ணீருக்கு அடியில் இருந்தது. 2017இல் மோட்டார் வைத்து இறைத்தபோது நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போய், அந்தப் படி வெளியே தெரிந்ததாம். செய்தி கேட்டு வீட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். அப்பா சம்மட்டியால் அடித்துப் போட்ட குழியின் பாதித் தடம், பாசி காய்ந்து வெளுத்து, சுவரில் அப்படியே இருந்தது என்றார்.

"எவ்ளோ நேரம் பாத்தீங்க ஐயா?" என்று கேட்டேன்.

"மோட்டார் நிறுத்தற வரைக்கும்" என்றார். "அப்புறம் மழை வந்துடுச்சு."